அம்மாவின் கையில் ஒரு வெள்ளைத் தழும்பு

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருந்த பலகைச் சுவர் கூரை வரை எட்டாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். அந்த வழியாகத்தான் நாங்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பாதிக் குடும்பத்தை நடத்தினோம். "அக்கா, ரெண்டு மொளகா இருக்கா?" என்று பக்கத்து வீட்டுச் சின்னம்மா கேட்பாள். உறவுமுறைச் சின்னம்மா இல்லை, கூப்பிட்டுப் பழகியவள். அம்மா மண்ணெண்ணெய் டின் மேல் ஏறி நின்று மிளகாயை நீட்டுவாள். எங்கள் அடுப்பு அணைந்துவிட்டால் அந்தப் பக்கமிருந்து சிரட்டையில் நெருப்புக் கங்கு வரும். கருவாட்டுக் குழம்பு வரும், ஊர்வம்பும் வரும்.

ஒரு நாள் விறகு பொறுக்கிவிட்டு வந்து பார்க்கிறேன், அந்த இடைவெளி முழுவதும் கோணிச்சாக்கைத் திணித்து அடைத்திருந்தது.

"என்னம்மா இது?"

"எலி வருதாம்" என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.

"எலி கீழதானே வரும்?"

"வாய மூடிக்கிட்டு வெறக அடுக்கு."

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். வாய் மட்டும் இருபது வயதுக்கு இருந்தது. ஆனாலும் அன்றைக்கு அம்மா சொன்ன தொனியைக் கேட்டு விறகை அடுக்கத் தொடங்கினேன். அவள் ரவிக்கைக் கையை முழங்கைக்குக் கீழே வரை இழுத்துவிட்டிருந்தாள். அந்த வெக்கையில், அடுப்புக்கு முன்னால். அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

செடெனாக் என்ற ஊருக்கு உள்ளே தள்ளி இருந்த கித்தாத் தோட்டம் எங்களுடையது. கித்தா என்றால் ரப்பர். மலாய்க்காரர் வார்த்தைதான் எங்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. அம்மா மரம் சீவிப் பால் எடுத்தாள். அப்பா ஸ்டோரில் இருந்தார். காட்டிலிருந்து வரும் பாலைத் தொட்டிகளில் ஊற்றி, ஆசிட் கலந்து உறைய வைக்கும் வேலை அவருக்கு. கித்தா விலை அடியோடு விழுந்த காலம் அது. லயத்தில் ஒவ்வொரு வீடாகக் காலியாகிக்கொண்டிருந்தது. வேலை இல்லை என்று சொல்லி ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். விடிகாலையில் பெரட்டில் எல்லாரையும் நிறுத்திக் கங்காணி, வேலை உள்ளவர்கள் பெயரைக் கூப்பிடுவார். தன் பெயர் வரும் வரை ஒவ்வொருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்படி ஒரு பயத்தில்தான் எல்லாரும் இருந்தோம். எங்களைக் கப்பலேற்றினால் போய் இறங்கி நிற்பதற்கு அங்கே ஒரு குடிசை கூடக் கிடையாது.

அம்மாவின் முழங்கைக்குக் கீழே படர்தாமரை வந்தது. வியர்வையில் வருவதுதான், லயத்தில் யாருக்குத்தான் வரவில்லை? ஆனால் அவளுக்கு அது வந்த நேரம் சரியில்லை. தம்பி பிறந்ததற்காகக் கோயிலில் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தாள். எனக்குப் பிறகு பிறந்தவை தங்காமல் போய், அப்புறம் பிறந்தவன் அவன். குடத்தைத் தூக்கிப் பிடிக்கும்போது எல்லாப் பெண்களும் கையைப் பார்ப்பார்களே என்று அவளுக்குக் கூச்சம். "ஏங்க, இதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்று அப்பாவைப் பிடுங்கி எடுத்தாள்.

ஸ்டோர் ஆண்கள் படர்தாமரைக்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். பாலை உறைய வைக்கும் அதே ஆசிட்டில் கொஞ்சம் எடுத்து, நிறையத் தண்ணீர் கலந்து, கோழி இறகால் தொட்டுத் தடவுவார்கள். எரியும், தோல் உரியும், போய்விடும். ஆனால் அந்த வருஷம் வேலை போன ஒருவர் அந்த ஆசிட்டைக் குடித்துச் செத்துப்போனார். அன்றிலிருந்து ஜாடி பூட்டிய அறைக்குள் போய்விட்டது. ஒரு சொட்டு வெளியே போனதாகத் தெரிந்தாலும் எடுத்தவன் குடும்பத்தோடு தோட்டத்தை விட்டு வெளியே என்று தொரை பெரட்டில் நின்று சொல்லிவிட்டார்.

அப்பா எடுத்துவந்தார். ஒரு சின்னத் தைலக் குப்பியின் அடியில் கொஞ்சம். "தண்ணி நெறைய ஊத்திக் கலக்கணும் புள்ள, மறந்துராத" என்று படித்துப் படித்துச் சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள். அவர் வெளியே போனதும் என்ன செய்தாள் தெரியுமா? "தண்ணி ஊத்துனா காட்டம் போயிரும்டி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, இறகை நேராகக் குப்பிக்குள் விட்டு எடுத்துத் தடவிக்கொண்டாள். மோரிலே, குழம்பிலே, சாராயத்திலே தண்ணீர் கலந்து ஏமாற்றுகிறவர்களையே பார்த்துப் பார்த்து, தண்ணீர் கலந்த எதன் மேலும் அவளுக்கு நம்பிக்கை இல்லை. அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

புண் கொப்பளித்து, உடைந்து, ஆறியது. ஆறிய இடம் வெள்ளையாக, வழுவழுவென்று, உள்ளங்கை அகலத்துக்கு நின்றது.

அதைக் குழாயடியில் யாரோ பார்த்தார்கள். யார் முதலில் அந்த வார்த்தையைச் சொன்னது என்று எனக்குத் தெரியாது. பெருவியாதி. அவ்வளவுதான், லயம் முழுக்கப் பற்றிக்கொண்டது. அம்மா குடத்தோடு போனால் பெண்கள் தங்கள் குடங்களை நகர்த்திக்கொண்டார்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானாவது பதிலுக்குத் திட்டியிருப்பேன். "நீங்க கடைசியா புடிச்சிக்கங்க அக்கா" என்று மரியாதையாகச் சொன்னார்கள். அவள் பிடித்துவிட்டுப் போன பிறகு குழாய் வாயைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். ஸ்டோரில் அவள் பால் வாளியோடு வந்தால் வரிசை விலகி வழி விட்டது. கித்தாப் பாலுக்குமா நோய் ஒட்டும்? பாவிகள்!

மரம் சீவப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு காலை ஆயா தம்பியை வாங்கிக்கொள்ளவில்லை. "நான் சொல்லலம்மா. எல்லாரும் சொல்றாங்க. இவன் இருந்தா அவங்க புள்ளைங்கள விட மாட்டாங்களாம்" என்றாள். அன்றிலிருந்து தம்பி என் இடுப்பில் ஏறினான். நான் விறகுக்குப் போகவில்லை, எங்கேயும் போகவில்லை. அவனுக்குப் பல் முளைக்கும் பருவம். கையில் கிடைத்ததையெல்லாம் கடிப்பான். என் தோள் முழுக்க அவன் பல்தான்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை தொடங்கியது. சண்டை என்றாலும் குசுகுசுவென்றுதான். சாக்கு அடைத்திருந்தாலும் பலகைக்குக் காது உண்டே.

"உண்மையச் சொல்லிர்றேன். ஆசிட் பட்டதுன்னு சொல்லிட்டா முடிஞ்சி போச்சி" என்பார் அப்பா.

"முடியாது. ஆரம்பிக்கும். யாரு எடுத்தான்னு கேப்பாங்க. அப்பறம் நாலு பேரும் தெருவுலதான்."

"அதுக்குன்னு ஒன்ன வண்டியில ஏத்தி அனுப்பவா?"

அந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு முந்தின வருஷம் கடைசி லயத்துக் கிழவர் ஒருவரை அதில் ஏற்றிக் குஷ்டரோகிகளை அடைத்து வைக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய பாய், தட்டு, வேட்டி எல்லாவற்றையும் போட்டுக் கொளுத்தினார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. அம்மாவின் பாயைக் கொளுத்துவதை நான் மனசுக்குள் எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். தம்பிக்குக் கஞ்சி ஊட்டும்போது கூட அதுதான் கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

கங்காணி ஒரு சாயங்காலம் எங்கள் வாசலுக்கு நேரே, ஆனால் ரொம்பத் தள்ளி நின்று சொன்னார். "வெள்ளிக்கெழம டிரசர் வர்றாரு. ஒம் பொஞ்சாதிய மருந்துக் கொட்டாயிக்குக் கூட்டிக்கிட்டு வா. தொரை உத்தரவு."

டிரசர்தான் தோட்டங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர். அவர் எப்படிச் சோதிப்பார் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். கண்ணை மூடச் சொல்வார். பஞ்சால் தோலைத் தொடுவார். தொடும்போது "இப்ப" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நோய்.

"நாம ஒரு தடவ பாத்துக்கலாம்மா" என்றேன் நான். மத்தியானம், அப்பா ஸ்டோரில். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கையை என் மடியில் வைத்தாள். நான் இலவம்பஞ்சை எடுத்தேன்.

மணிக்கட்டில் தொட்டேன். "இப்ப" என்றாள். தோளில், "இப்ப". தழும்பின் ஓரத்தில், கொஞ்சம் தாமதித்து, "இப்ப". நடுவில் தொட்டேன். அம்மா பேசவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அம்மா கண்ணை மூடியபடி, தொடப் போகிறேன் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தொடுடி" என்றாள்.

"தொட்டுட்டேம்மா."

கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதுவரை ஊர் சொன்னது அத்தனையும் அபாண்டம் என்று அவளுக்குத் தெரியும். இப்போது அவளுக்கே தெரியவில்லை. "மொதல்ல வந்ததே படர்தாமரதானா?" என்று மெதுவாகக் கேட்டாள். "ஒருவேள அதுவே நோயா இருந்திச்சோ என்னமோ. நாந்தான் தெரியாம அது மேல ஆசிட்டப் போட்டுட்டனோ?"

"ஊசியால குத்திப் பாக்கலாமா?"

"வேணாம்" என்று கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். குத்தியும் தெரியாவிட்டால் என்ன செய்வது என்கிற பயம் அவளுக்கு.

தம்பி விழித்துக்கொண்டு அழுதான். அம்மா எழுந்தாள், இரண்டு எட்டு வைத்தாள், நின்றுவிட்டாள். "நீ தூக்கு" என்றாள்.

அன்றிலிருந்து அவள் அவனைத் தொடவில்லை. மார்பை இறுக்கித் துணி கட்டிக்கொண்டாள். பால் கட்டி, காய்ச்சல் வந்தது, முனகினாள், அப்படியும் கொடுக்கவில்லை. தட்டை எங்கள் தட்டுகளிலிருந்து பிரித்து வைத்தாள். படுக்கையை அடுப்படி ஓரத்துக்குக் கொண்டுபோனாள். லயத்துக்காரர்கள் எங்களுக்குச் செய்ததை மன்னித்தாலும் மன்னிப்பேன். அவளையே அவளுக்கு எதிராகத் திருப்பிவிட்டார்களே, அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. தம்பி அவளைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுவான். அப்புறம் நீட்டுவதை விட்டுவிட்டான். குழந்தைகளுக்கு எல்லாம் சீக்கிரம் பழகிவிடும்.

வெள்ளிக்கிழமைக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். என் கையில் கண்ணாடி வளையல்கள் இருந்தன. நான் அம்மா பக்கத்தில் நிற்பேன். டிரசர் தொடும்போதெல்லாம் லேசாகக் கையை அசைப்பேன். வளையல் சத்தம் கேட்டால் அம்மா "இப்ப" என்று சொல்ல வேண்டியது. அவளுக்கு இஷ்டமில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் பழகிப் பார்த்தோம். ஒரு தரம் கூடத் தப்பவில்லை.

டிரசர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, மூக்குக் கண்ணாடி. சிரித்துப் பார்த்ததில்லை. மருந்துக் கொட்டகைக்குள் எங்களை உட்காரச் சொன்னார். கங்காணி வாசலுக்கு வெளியே நின்றார். ஜன்னலுக்கு அப்பால் பெண்கள் கூட்டம், எங்கள் பக்கத்து வீட்டுச் சின்னம்மாவும் அதில். அப்பாவை ஸ்டோரிலிருந்து விடவில்லை. தம்பியை இறக்கி ஒரு மூலையில் உட்கார வைத்தேன்.

"கண்ணை மூடு பிள்ளை. தொட்டால் சொல்லு."

மணிக்கட்டு. "இப்ப." முழங்கை. "இப்ப." பஞ்சு தழும்பின் நடுவுக்கு வந்தது. நான் கையை அசைத்தேன். கிலுக். "இப்ப" என்றாள் அம்மா. மறுபடியும் நடுவில். கிலுக். "இப்ப."

டிரசர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை.

"நீ இஞ்ச வா. உந்தக் கோப்பையைப் பிடி. ரெண்டு கையாலயும் பிடி, சிந்தக் கூடாது."

விளிம்பு வரை தண்ணீர் நிறைந்த பீங்கான் கோப்பை. பிடித்தேன். வளையல் அசையவில்லை. அசைய விட்டால் தண்ணீர் சிந்தும். அவர் பஞ்சை எடுத்துத் தழும்பின் நடுவில் வைத்தார். அம்மா கண்ணை மூடி, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் வரவில்லை. அவளும் பேசவில்லை. திரும்பவும் தொட்டார். பேசவில்லை. ஐயோ, சொல்லும்மா, சும்மாவாவது சொல்லும்மா என்று எனக்குள் கத்தினேன். என் கண்ணீர் கோப்பைக்குள் விழுந்தது.

அவர் பஞ்சை வைத்துவிட்டார். முழங்கைக்குப் பின்னால் நரம்பை அழுத்திப் பார்த்தார். காது மடலைத் தடவிப் பார்த்தார். கன்னம், புருவம், கால் விரல்கள். அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் தழும்பைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாகச் சுருங்கியிருந்த தோலை விரலால் நீவினார். ரொம்ப நேரம்.

"கண்ணைத் திற. இது நோய் இல்லை" என்றார். "இது பொசுங்கின தோல். பொசுங்கின இடம் கொஞ்ச நாளைக்கு மரத்துத்தான் கிடக்கும். ஸ்டோரில வேலை செய்யிற ஆக்களின்ர கையில இதைக் கனக்கக் கண்டிருக்கிறன். ஆசிட் தானே?"

எனக்குப் பதறியது. "கஞ்சி கொட்டிருச்சிங்க ஐயா! சுடு கஞ்சி!" என்றேன்.

அவர் அதை ஏற்றுக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவர் முகம் அப்படித்தான் இருந்தது. ஆனால் அதற்குள் கங்காணி வாசற்படியில் ஏறிவிட்டார்.

"ஆசிட்டா? என்னா ஆசிட்டு? ஸ்டோர் ஆசிட்டா? யாரு எடுத்தது?"

அப்போது அம்மா பேசினாள். எழுந்து நின்று, ரவிக்கைக் கையை மேலே தள்ளி, தழும்பை ஊருக்கே காட்டுவது போல நீட்டிக்கொண்டு பேசினாள்.

"ஆசிட்டும் இல்ல ஒன்னும் இல்லீங்க. இது நோய்தான். ஐயா தொட்டாரு, எனக்குத் தெரியல, எல்லாரும் பாத்தீங்கள்ல? நோயின்னே சொல்லி என்னைய அனுப்பிருங்க. எப்பங்க வண்டி வரும்?"

"நான் சொல்லுறன், இது நோய் இல்லை எண்டு" என்றார் டிரசர்.

"நோய்தாங்க ஐயா. எனக்குத் தெரியாதா, என் ஒடம்பு?"

கங்காணி ஆளை அனுப்பி அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார். அப்பா வந்தார், கையெல்லாம் பால் காய்ந்து வெள்ளையாக. உள்ளே நுழைந்ததும் அம்மா அவரைப் பார்த்தாள். பேசாதே என்கிற பார்வை. தலையைக் கூட அசைக்கவில்லை, கண்தான். கங்காணி கேட்டார்: "ஒம் பொஞ்சாதி கையில பட்டது ஸ்டோர் ஆசிட்டா, இல்ல நோயா? நீயே சொல்லு."

அப்பா தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும், எங்களுக்கு வேலை மிஞ்சும், கூரை மிஞ்சும், அரிசி மிஞ்சும். அம்மாதான் மிஞ்ச மாட்டாள். நோயின்னு சொல்லிருவாரோ என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. அந்தக் கணத்தில் அவர் மேல் வந்த வெறுப்பு மாதிரி எனக்கு வேறு யார் மேலும் வந்ததில்லை.

"நாந்தாங்க எடுத்தேன்" என்றார் அப்பா.

"அடப்பாவி மனுசா!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பெரட்டுக்கு முன்னால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். காலி பண்ண என்ன இருந்தது? இரண்டு பாய், ஒரு சட்டி, ஒரு குடம், துணி மூட்டை. இருட்டு பிரியும்போதே கிளம்பினோம். அப்பாவுக்கு ஒரு தகவல் தெரிந்திருந்தது. தெப்ராவ் பக்கம் ஒரு கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், ஒருவர் தன் சின்னத் தோட்டத்தில் சீவ ஆள் தேடுகிறார், பாதிப் பங்குக்கு. அது நிஜமா பொய்யா என்று யாருக்கும் தெரியாது. அதை நம்பித்தான் நடந்தோம்.

லயத்துக்காரர்கள் வாசல்களில் நின்று பார்த்தார்கள். நோய் இல்லை என்று டிரசரே சொல்லியாகிவிட்டது, எல்லாரும் காதால் கேட்டாகிவிட்டது. ஆனாலும் ஒருத்தி கிட்டே வரவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அழுதாளோ என்னவோ. அழுதால் எனக்கென்ன? நான் அவளைப் பார்த்து நாக்கைத் துருத்தினேன். அம்மா பார்த்தும் திட்டவில்லை.

செம்மண் பாதை. அப்பா முன்னால், மூட்டையோடு. நான் நடுவில், தம்பி இடுப்பில். அம்மா குடத்தைச் சுமந்துகொண்டு எங்களுக்குப் பின்னால், ரொம்பத் தள்ளி. நான் நின்றால் அவளும் நிற்பாள்.

"இன்னும் ஏம்மா தள்ளி வர்ற? அவருதான் நோய் இல்லன்னு சொன்னாருல்ல?"

"எரக்கப்பட்டுச் சொல்லிருப்பாருடி. நல்ல மனுசன். என் கையில எனக்கு ஒன்னும் தெரியலையே, அது பொய்யா?"

வெயில் ஏறியது. தம்பி பசியில் சிணுங்கி, சிணுங்கி, அப்புறம் வீறிட்டுக் கத்தத் தொடங்கினான். என் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். என் இடுப்பு விட்டுப்போயிற்று. பாதையோரம் ஒரு ரம்புத்தான் மரத்தடியில் உட்கார்ந்தேன். அம்மா வழக்கம்போல அங்கேயே தள்ளி உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஆத்திரம் வந்ததோ! எழுந்து விடுவிடுவென்று போய்த் தம்பியை அவள் மடியில் தொப்பென்று போட்டேன்.

"புடி ஒம் புள்ளைய! என்னால முடியாது! நோய்னா எல்லாருக்கும் வரட்டும், எல்லாரும் ஒரே வண்டியில போவோம்!"

"அடியே, எடுடி, எடுடி அவன!" அம்மா கைகளை உயரத் தூக்கிக்கொண்டாள், மடியில் நெருப்பு விழுந்த மாதிரி. அப்பா மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் எடுக்கவில்லை. தம்பி அவளை அண்ணாந்து பார்த்தான். அடையாளம் தெரியாதவளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தான். அப்புறம் என் பக்கம் தாவப் பார்த்து, மடியிலிருந்து சரிந்தான். அவன் விழுந்துவிடுவானே என்று அம்மா தன்னையறியாமல் கையைக் கொடுத்துத் தடுத்தாள். அந்தக் கையைத்தான் கொடுத்தாள்.

அவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்து, கோபத்தோடு, புதுப் பற்கள் அத்தனையும் பதிய, அந்த வெள்ளையின் நட்டநடுவில் கடித்தான்.

"ஆ!" என்று அம்மா அலறினாள்.

அலறியவள் பாதியில் நிறுத்திவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது. தழும்பைப் பார்த்தாள். சின்னச் சின்னப் பல் தடங்கள், அவற்றில் ஒன்றிலிருந்து துளி ரத்தம்.

"வலிக்குது" என்றாள். நம்பாதவள் போல என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "ஏங்க, வலிக்குதுங்க! உசுரு போவுதுங்க!"

அப்பா ஓடிவந்து அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். அம்மா அழுதாள், சிரித்தாள், தம்பியை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவன் திமிறினான். அவள் விடவில்லை. கையை மறுபடியும் அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"கடிடா என் ராசா" என்றாள். "இன்னொரு தடவ கடி."